டாக்டர் படுத்துப் பார்த்த மெத்தை

மூன்றாவது மெத்தை மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, மேலேயும் போக மாட்டேன், கீழேயும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. மேல்முனையை டெம்போக்காரர் இழுத்தார். கீழ்முனைக்கு டாக்டர் முட்டுக்கொடுத்தார். பின்னால் காய்கறிப் பையுடன் வழிக்காகக் காத்து நின்ற இரண்டாம் மாடிக்காரர், போன வாரம்தானே ஒன்று ஏறியது என்று விசாரித்தார். டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே இன்னும் பலமாக முட்டினார்.

"சார், இதுவும் திரும்பி வருமா?" என்று மேலேயிருந்து டெம்போக்காரர் கேட்டார். "இப்பவே சொல்லிட்டீங்கன்னா கயித்த அவுக்காம வெச்சுக்குவேன்."

"வராது."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நகரத்தின் பெரிய மெத்தைக் கடையில் மூத்த விற்பனையாளர்; டாக்டர் என்பது கடையில் வைத்த பட்டப்பெயர். வாடிக்கையாளர்கள் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. மாம்பழமா வாங்குறீங்க, கையால அமுக்க, என்பார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறிப் படுப்பார். கண்ணை மூடுவார். நல்ல மெத்தையாக இருந்தால் அடுத்த மூச்சில் குறட்டை வந்துவிடும். அந்தக் குறட்டையைக் கேட்டுவிட்டு வாங்காமல் போன ஆள் கிடையாது. விற்ற பிறகு அவரை உலுக்கி எழுப்புவது மேனேஜருடைய தலைவலி.

இப்படி ஊரையே தூங்க வைத்த மனிதரின் மனைவிக்குத் தூக்கம் இல்லை. இதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்?

அவள் பல் செட் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் குனிந்து, யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக்கொண்டிருக்க வேண்டும். கழுத்தில் ஆரம்பித்த வலி தோளுக்கு வந்து, முதுகு வழியாக இடுப்பில் இறங்கி, வருஷக்கணக்கில் காலி செய்யாமல் குடியிருக்கிறது. பிசியோதெரபி பார்க்கிற அம்மா, மருந்து பாதி, தூக்கம் பாதி என்று சொல்லிவிட்டார். ஆள் வேறு ஊதினால் பறக்கிற உடம்பு. டாக்டரோ கட்டிலில் உட்கார்ந்தால் கட்டில் ஒருமுறை முனகிவிட்டுத்தான் அடங்கும்.

முதலில் அவர் கொண்டுவந்தது கெட்டி மெத்தை. முதுகுவலி என்று வருகிறவர்களுக்குக் கடையில் அதைத்தான் கைகாட்டுவார்கள். மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"ஒரு பக்கமா அழுத்துதுங்க. திரும்பவே முடியல," என்றாள். எதையும் மென்று முழுங்கித்தான் அவளுக்குப் பேச வரும்.

டாக்டர் யோசித்தார். புரிந்தது. தொழில் தெரிந்தவர் அல்லவா! "தப்பு என்னோடதுதான்," என்று ஒப்புக்கொண்டார். "கெட்டி மெத்தை அமுங்கணும்னா ஆளுக்குக் கனம் வேணும். நீ படுத்தா அதுக்கு ஆள் வந்ததே தெரியாது. தோளும் இடுப்பும் கல்லுல கிடக்கற மாதிரிதான் கிடக்கும். உனக்கு மெத்துனு வேணும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் டெம்போக்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

இரண்டாவது, புசுபுசுவென்ற ஃபோம் மெத்தை. கையை வைத்தால் கை காணாமல் போகும். அதற்கும் காலையில் முகம் வீங்கித்தான் எழுந்தாள். மூச்சு முட்டுகிறது, ஒரே வேக்காடு என்றாள். ஃபோம் சூட்டைப் பிடித்துவைக்கும் என்பது கடையில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். தனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இன்னொன்றும் கேட்டார்: "வேற ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடும்மா."

"இடம் பத்தலங்க," என்றாள்.

அதனால்தான் இந்த மூன்றாவது. ஸ்பிரிங் வைத்தது, காற்றோட்டத்துக்குப் பக்கவாட்டில் ஓட்டை வைத்தது, அந்தக் கடையில் இருப்பதிலேயே அகலமானது. அதற்காகக் கட்டிலோடு ஒரு பலகையும் சேர்க்க வேண்டிவந்தது. படுக்கையறைக்குள் நுழைந்த பிறகு பீரோக் கதவு பாதிதான் திறந்தது. கட்டிலின் ஒரு பக்கம் சுவர்; அது எப்போதும் அவளுடைய பக்கம். இந்தப் பக்கம் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குச் சந்து. டெம்போக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இதில் நாலு பேர் படுக்கலாம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பி அவரைப் பார்த்தாள்.

"பெருசுதாங்க. ஆனா எனக்கு ஒண்ணும் பெருசா தெரியல." பிறகு கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை அக்கா வராங்க. நான் அவங்ககூடப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். அங்க போய்ப் படுத்தா சரியாயிடும்."

டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா வீட்டில் கிடப்பது கட்டி கட்டியாகச் சுருண்டுபோன பழைய பஞ்சு மெத்தை. அதை அவரே பார்த்துச் சிரித்திருக்கிறார். அந்த மெத்தையில் படுத்தால் சரியாகிவிடுமாம்! தொழிலில் விழுந்த அந்த அடியையாவது தாங்கிக்கொள்ளலாம். அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. இந்த மலையோடு என் தங்கச்சி எப்படிக் குப்பை கொட்டுவாள் என்று பந்தியிலேயே கேட்ட மகராசி. அந்த அக்கா வீட்டில் 'கொஞ்ச நாள்' என்பது ஆறு மாசமும் ஆகும், ஆயுசுக்கும் ஆகும்.

இதில் அவருக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. தினமும் அவர் கண் விழிக்கும்போது அவள் அவரை ஒட்டிக்கொண்டுதான் கிடப்பாள். நடுவில் ஒரு தாள் நுழையாது. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் இப்படி ஒரு பாசமா என்று அவருக்கே கண் கலங்கும். கடையில் பில் போடுகிற பெண்ணிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். அப்படிப்பட்டவள் விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறாள் என்றால், அந்த வலி எப்படிப்பட்ட வலியாக இருக்க வேண்டும்! கண்ணை மூடினால் அவள் இல்லாத கட்டில்தான் அவருக்குத் தெரிந்தது.

கடையில் மேனேஜர் தன் பங்குக்கு மிரட்டினார். திரும்பி வந்த மெத்தைகளைக் காட்டி, இனி ஒன்று வந்தாலும் உங்களைத் தலையணைப் பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்றார். அது மாடியில், லிப்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போனவர்கள் யாரும் கீழே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சனிக்கிழமை மதியம், வேறு வழியில்லாமல் அவளையே கடைக்கு வரவழைத்தார். அவள் வேலை முடிந்து, கையில் பல் செட் மாவு ஒட்டியபடி வந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டு மூலையில் இருந்த ஒரு சின்ன மெத்தையில் போய் உட்கார்ந்தாள். விடுதிப் பிள்ளைகளுக்காகப் போடுகிற ஒற்றை மெத்தை. விலையும் மட்டு, மவுசும் மட்டு. அதில் யாரும் உட்கார்ந்துகூடப் பார்ப்பதில்லை. அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே படுத்துக் காட்டலாம் என்று டாக்டர் செருப்பைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து ஒரு புதுமணத் தம்பதி வந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டது.

அவர்களுக்கு விற்று முடித்துத் திரும்பி வந்து பார்த்தால், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சும்மா தூக்கமில்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போட்டு, வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்ட தூக்கம். கடையில் சனிக்கிழமைக் கூட்டம். வந்தவர்கள் எல்லாம் குசுகுசுவென்று பேசிக்கொண்டு அவளைச் சுற்றி நடந்தார்கள். டாக்டர் அருகிலேயே காவல் நின்றார். பக்கத்தில் தொட்டில் மெத்தையைத் தட்டிப் பார்த்த ஒரு பெரியவரை முறைத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் அதே மெத்தை வேண்டும் என்று கேட்க, திட்டுவதற்காக வந்த மேனேஜரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பொழுது சாய்ந்த பிறகு அவள் எழுந்தாள். எங்கே இருக்கிறோம் என்று விழித்துவிட்டுக் கழுத்தை இடமும் வலமுமாகத் திருப்பினாள். திரும்பியது.

"வலி?" என்றார் டாக்டர்.

"இருக்கு. ஆனா அடங்கிக் கிடக்கு," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

டாக்டருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. கெட்டியும் இல்லாமல், மெத்தென்றும் இல்லாமல் நடுவாந்தரமாக இருக்கிற இந்த மெத்தைதான் அவள் எடைக்குத் தோது. தவிர, ஒரே மெத்தையில் இரண்டு பேர் படுத்தால் கனமான ஆள் புரளும்போது லேசான ஆள் குலுங்கத்தானே செய்வாள்? இரண்டு ஒற்றை மெத்தைகளை வாங்கி ஒரே கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் அவர் புரண்டது அவளுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருஷ அனுபவத்துக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

மேனேஜர் இரண்டையும் கொடுத்தார். கடைசித் தடவை என்றார். பாலித்தீன் உறை கசங்காமல், மேலே கிடக்கும் கம்பெனி அட்டை கலையாமல் இருந்தால் மட்டும் திருப்பி எடுப்பேன், இல்லையென்றால் தலையணை என்றார்.

டெம்போக்காரர் இரண்டையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, பழைய பெரிய மெத்தையைக் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதை அறையிலேயே, கட்டிலை ஒட்டிய சந்தில் நிமிர்த்தி வைத்தார்கள். அதனால் இனிக் கால்மாட்டு வழியாகத்தான் கட்டிலில் ஏற வேண்டும். சுவரோரத்து மெத்தைக்கு உறையைப் பிரித்து அவளுக்குப் பிடித்த நீல விரிப்பை விரித்தார். தன்னுடையதின் உறையைப் பிரிக்கவில்லை. எதற்கும் ஜாக்கிரதை நல்லது; படுக்கும்போது அட்டையை எடுத்து வைத்துவிட்டு, உறை கசங்காமல் தான் படுத்துக்கொள்வதாகவும், அவள் அதைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தார்.

கூடத்து மூலையில் அவளுடைய பெட்டி தயாராக நின்றது. டாக்டர் அதைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் பாரும்மா. காலையில வலின்னு சொன்னா நானே பெட்டியைத் தூக்கி ஆட்டோவுல வைக்கறேன்."

"சரிங்க," என்று அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

கடைசியாக ஒருமுறை தொழில் முறைப்படி சோதித்துவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார். கால்மாட்டு வழியாக ஏறி அவளுடைய நீல விரிப்பில் நீட்டிப் படுத்தார். கண்ணை மூடினார். முதுகு வாகாகப் பொருந்தியது. அற்புதம், இது கண்டிப்பாக வேலை செய்யும் என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண் விழித்தால் விடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. பக்கத்தில் அவள், வழக்கம்போல அவரை ஒட்டி, தாள் நுழையாத நெருக்கத்தில்.

டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தனி மெத்தை போட்டும், அதைத் தாண்டி வந்து படுத்திருக்கிறாளே! இவளா விட்டுவிட்டுப் போவாள்? கால்மாட்டு வழியாகக் குதித்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தார். பின்னால் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டபடி டெம்போக்காரர். பெரிய மெத்தை உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைகாட்ட, அவர் படுக்கையறைக்குள் போனார்.

மனைவி மெதுவாக நடந்து கூடத்துக்கு வந்தாள். ஒரு கை இடுப்பில் இருந்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது.

"தூங்கினியாடி?" என்றார் அக்கா.

அவள் தலையை அசைக்க முயன்று, முடியாமல் விட்டாள். "இல்லக்கா."

"அப்ப கிளம்பு. ஆட்டோ நிக்குது. ஒரு மெத்தை வாங்கிப் போடத் துப்பில்லாத ஆள், மெத்தைக் கடையில டாக்டராம்." அக்கா பெட்டியைத் தானே தூக்கிவிட்டார்.

டாக்டருக்கு முகம் வெளுத்தது. குறுக்கே போய்ப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததையெல்லாம் அந்த இடத்தில் சொல்லிவிட்டார்.

"அக்கா, வலி இருக்குதான். நான் இல்லேங்கல. ஆறாவது, ஏழாவது மெத்தைன்னாலும் வாங்கிப் போடறேன். ஆனா அவ மனசு இங்கதான் இருக்கு. நேத்து தனித்தனி மெத்தை போட்டேன். அப்படியும் காலையில பாத்தா அவ என்னை ஒட்டிக்கிட்டுதான் படுத்திருந்தா. அவ இல்லாம எனக்கும் தூக்கம் வராது. அவளுக்கும் அப்படித்தான். வேணும்னா அவளையே கேட்டுப் பாருங்க."

அக்கா தங்கையைப் பார்த்தார். தங்கை டாக்டரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் மென்று முழுங்கியது ஏதோ அவள் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"என்னங்க..." என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் படுக்கையறை வாசலில் டெம்போக்காரர் தலையை நீட்டினார். அவர் கையில் கம்பெனி அட்டை இருந்தது.

"சார், பெருச மட்டும் எடுக்கணுமா, இல்ல கட்டில்ல இந்தப் பக்கம் கிடக்கறதையுமா? கவர் கசங்கல, அட்டைகூட வெச்ச இடத்துலயே இருக்கு. ராத்திரி நீங்க எங்கதான் சார் படுத்தீங்க?"