மக்ரூத் டப்பாவுக்குள் ஒரு ஸ்பானியக் குரல்

ஓரான்,
பெருநாள் பலகாரம் தீர்ந்துகொண்டிருக்கும் வாரம்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் லக்தர் அவர்களுக்கு, உங்கள் தங்கை யமீனாவின் கணவன் பெனவுதா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். கடலுக்கு அக்கரையில் அலிகாந்தேயில் நீங்களும் வீட்டில் எல்லோரும் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேனா அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது. நடந்ததை எல்லாம் சொன்ன பிறகு சுகமா இல்லையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இதில் பாதிப் பாவம் உங்களுடையது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா இருந்தால் பெண்டாட்டியோடு சண்டைதான் போடுவான் என்று, கப்பலில் வந்த ஆளிடம் அந்த முதல் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பியது யார்? நீங்கள்தான். காலால் மிதித்தால் கிட்டாரின் குரலையே மாற்றிவிடும் பெட்டி, அதற்குப் பெயர் பெடல், உதிரிபாகமாக அனுப்பியிருக்கிறேன், ஈயம் உருக்கி நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒட்டினேன். அடுத்ததையும் ஒட்டினேன். குரலைக் கரகரப்பாக்க ஒன்று, எதிரொலிக்க வைக்க ஒன்று, தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் ஆட்டிவைக்க ஒன்று என்று வீட்டில் நடக்க இடமில்லாமல் போய்விட்டது. நோன்பு மாதத்தில்கூட நிறுத்தவில்லை. ஈயப் புகை நோன்பை முறிக்குமா என்று பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்டேன். அவர் நெடுநேரம் தாடியைத் தடவிவிட்டு, "வேணும்னே இழுக்காதீங்க, தானா வந்தா ஒண்ணுமில்ல" என்றார். அன்றிலிருந்து அது தானாகத்தான் வருகிறது.

மச்சான், அந்தப் பிற்பகல்களை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! வயிறு காலி, தலை லேசு. தெருவே தூங்கும். ஈயப் புகை மெல்லச் சுருண்டு பால்கனி வழியாகக் கடல் பக்கம் போகும். எதிரொலிப் பெடலை மிதித்து ஒரே ஒரு நரம்பைத் தட்டினால் போதும், அந்த ஒலி வெளியே போய், துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, களைத்துப்போய் மறுபடி என் மடிக்கே வந்து சேரும். நான் அப்படியே உட்கார்ந்திருப்பேன். நோன்பு திறக்கும் நேரத்தை நான் மறந்துபோன நாளும் உண்டு, உங்கள் தங்கையைக் கேட்டுப் பாருங்கள்.

இதே பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் பெடல்களைக் கம்பளத்தின் மேல் வரிசையாக அடுக்கி, மேலிருந்து படம் எடுத்துப் போடுவார்கள். முகம் தெரியாது, கால் விரல்தான் தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட யாரும் அப்படி உற்றுப் பார்க்க மாட்டார்கள். அங்கே என் பெயர் 'கிரேன்காரன்'. அங்கே 'ஒற்றைக்கம்பி' என்று ஒருவர் உண்டு. அவருடைய படங்களைப் பார்த்தால் பெருமூச்சு வரும், ஒரு ஒயர்கூட இடம் மாறியிருக்காது. அவருடைய வாயைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கும். நான் எதைக் காட்டினாலும், "அண்ணே, ஈயம் வச்சிருக்கீங்களா, இல்ல ஆடு ஏதாச்சும் வந்து போச்சா?" என்று கேட்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், உலகம் முழுவதும் படிக்கும்படி, அவரை நரம்பறுந்த கழுதை என்று எழுதிவிட்டேன்.

அந்தச் சண்டை கடைசியாகக் கட்டிய கரகரப்புப் பெடலால் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அலுமினியப் பெட்டியில் கட்டுவார்கள், ஓரான்காரர்கள் நாங்கள் பிஸ்கட் டப்பாவில் கட்டுவோம். யமீனாவிடம் ஒரு டப்பா கேட்டு வாங்கி, உதிரிபாகம் ஒட்டிய பலகையை உள்ளே வைத்திருந்தேன், ஒயருக்கு இன்னும் துளை போடவில்லை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியின் ஒயரைச் சொருகினேன். கிட்டாரைத் தொடவேயில்லை, மச்சான், டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். ஸ்பானியம். மீன்பிடிப் படகுகளுக்குக் காற்றும் அலையும் சொல்கிறாள் என்று துறைமுகத்தில் பொறுக்கிய நாலு வார்த்தையை வைத்துப் புரிந்துகொண்டேன். உங்கள் ஊர் வானொலி கடல் தாண்டி என் ஒயருக்குள் வந்திருக்கிறது! மூடியை மூடினால் போய்விடுவாள், திறந்தால் வருவாள். அவசரமே இல்லாத குரல். அவள் சொல்லி முடிப்பதற்குள் அலையே அடங்கிவிடும் போலிருக்கும். குழுவில் எல்லோரும் இது பழுது, இதைச் சரிசெய் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. மூடியைத் திறந்தே வைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் மகள் நஸீபாவுக்கு வரன் வந்தது. மருந்துக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கிற பிள்ளை, நல்ல இடத்தில் போய்ச் சேர வேண்டுமே என்பதைத் தவிர இந்த வயதில் எனக்கு வேறு கவலை கிடையாது. பையன் பெயர் ஜவாத். தகப்பனார் துணிக்கடை ஹாஜி பூஸியான், சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. பெருநாளுக்கு மறுநாள் குடும்பத்தோடு வருகிறார்கள் என்றதும் யமீனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இந்த ஒயரு, தகரம் எல்லாம் அவங்க கண்ணுல படக்கூடாது. பொண்ணோட அப்பன் கிறுக்கன்னு தெரிஞ்சா வாசலோட திரும்பிருவாங்க."

"கிறுக்குன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன், போதாதா?"

எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த ஒரு டப்பாவை மட்டும், நசுங்கிவிடுமே என்று, சமையலறையில் பெருநாள் பலகாரம் மக்ரூத் அடுக்கிய டப்பாக்களோடு வைத்தேன். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. நஸீபாவிடம் மட்டும் எது என்னுடையது என்று காட்டிவைத்தேன்.

வந்தார்கள், காப்பி குடித்தார்கள். ஹாஜியார் என்னோடு வெயிலைப் பற்றிப் பேசினார். நானும் வெயிலை ஆமோதித்தேன். புறப்படும்போது வழக்கப்படி கையில் பலகாரம் கொடுக்க வேண்டுமே. "நஸீபா, ஒரு டப்பா எடுத்துட்டு வாம்மா" என்றாள் யமீனா. பிள்ளை கொண்டுவந்து, இரண்டு கையாலும் பையனின் அம்மாவிடம் பணிவாகக் கொடுத்தாள். அவர்கள் படி இறங்கியதும் நான் ஓடிப்போய் என் டப்பாவைத் திறந்தேன். உள்ளே மக்ரூத். பேரீச்சம்பழம் வைத்துத் தேனில் போட்ட மக்ரூத்தைப் பார்த்து அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"போச்சு!" என்று உட்கார்ந்தாள் உங்கள் தங்கை. "பேட்டரி, ஒயரு, தகரம்! போலீஸைக் கூப்பிடாம இருந்தாலே பெரிய விஷயம்."

"ஃபோன் பண்ணிச் சொல்லிரலாமே?"

"என்னன்னு சொல்லுவீங்க? அதைத் தின்னுடாதீங்கன்னா?"

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. என் விளையாட்டுச் சாமானால் என் மகளின் வாழ்க்கை கெட்டுப்போயிற்றே என்று கிட்டாரை உறையில் போட்டு மூடிவிட்டேன். நஸீபாவோ முகத்தில் ஒன்றும் காட்டாமல் அந்த மக்ரூத்தை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு வருத்தம் தெரியக்கூடாது என்று பிள்ளை சோகத்தை விழுங்குகிறது என்று நினைத்து இன்னும் உருகிப்போனேன்.

ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து வந்தால், வாசலில் ஹாஜி பூஸியான் தனியாக நிற்கிறார், கையில் என் டப்பா. உட்கார்ந்தார். யமீனா காப்பியை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். ஏனத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம் ஊரில் இல்லையே, மேலே அவர் வீட்டுப் பாதாம் பலகாரம் இருந்தது. அதை அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். அடியில் என் பலகை. திருப்பிக் காட்டினார். ஈயப் பொட்டு ஒவ்வொன்றும் மாதுளை முத்துப்போல் பளபளவென்று இருந்தது.

"எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி வச்சேன்" என்றார். "இந்த ஆட்டுப் புழுக்கையை நான் எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சிருவேன், கிரேன்காரரே."

"நீங்க... ஒற்றைக்கம்பியா?"

"ஆமா. நரம்பறுந்த கழுதைதான் வந்திருக்கேன்."

தன் பெடல்களைக் கடைக்குப் பின்னால், துணிக்கட்டுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாராம். இருப்பு எண்ணுகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை நாள் வராததற்குக் காரணம், பெடலை முடிக்காமல் வர அவருக்கு மனமில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவர் கையமர்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். அவளை மட்டும் தொடல" என்றார்.

பால்கனிக்கு ஒலிபெருக்கியை எடுத்துப் போய்ச் சொருகினோம். அவள் வந்தாள். இரண்டு கிழவர்கள், காப்பி ஆறிப்போக, தெரியாத பாஷையில் தெரியாத படகுகளுக்கு வானிலை கேட்டுக்கொண்டிருந்தோம். கடலும் வானமும் ஒரே நிறமாயின. உங்கள் ஊருக்குப் போகும் கப்பல் மெதுவாகத் திரும்பியது. ஹாஜியார் என் கிட்டாரை எடுத்து அவள் குரலுக்குக் கீழே ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டினார், அது போய்க்கொண்டே இருந்தது. எனக்கு இத்தனை வயதில் ஒரு நண்பன் கிடைத்திருக்கிறான் மச்சான், அதுவும் சம்பந்தியாக! நிச்சயதார்த்தம் இந்த மாதமே என்று அங்கேயே முடிவாயிற்று. நீங்கள் கட்டாயம் வர வேண்டும். வரும்போது எதிரொலிப் பெடல் பொட்டலம் இரண்டு, எனக்கொன்று அவருக்கொன்று, சட்டைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்து வாருங்கள்.

உங்கள் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும். உங்கள் வீட்டு அடுப்பு என்றும் சூடாக இருக்கட்டும். யமீனாவின் ஆனந்தக் கண்ணீரும் ஸலாமும் இத்துடன்.

இப்படிக்கு,
சம்பந்தி ஆகப்போகும் பூரிப்புடன்,
பெனவுதா.

பின்குறிப்பு: கப்பலுக்குச் சீட்டு எடுக்க வேண்டாம். உறை ஒட்டப் பசை கேட்டேன், நஸீபா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பாபா, நான் டப்பாவை மாத்திக் குடுக்கல. தெரிஞ்சேதான் குடுத்தேன். அதைப் பார்த்தா பயந்து ஓடிருவாங்கன்னு நினைச்சேன். அந்த ஹாஜியாரும் உங்களை மாதிரியே இருப்பாருன்னு நான் கனவா கண்டேன்?"

"ஏம்மா, பையனைப் பிடிக்கலையா?"

"ரெண்டு தடவை பேசினேன். பாதி நேரம் அவரு காரைப் பத்தி. மீதி நேரம் அவரு வாங்கப்போற காரைப் பத்தி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்கவே இல்லையே, பாபா."

கேட்கவில்லைதான் மச்சான். ஒரு பழுதுக் குரலைக் காப்பாற்ற உலகத்தோடு சண்டை போட்டவன், வீட்டுக்குள் இருக்கிற குரலைக் கேட்கவில்லை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. வேண்டாமென்றால் வேண்டாம் என்று அவள் தலையைத் தடவிச் சொல்லிவிட்டு, நேரே துணிக்கடைக்குப் போய் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். வெட்டிக்கொண்டிருந்த துணியை நிதானமாக மடித்து ஓரமாக வைத்தார்.

"காரைப் பத்தித்தான் பேசியிருப்பான்" என்றார் கடைசியில். பிறகு, "உங்களுக்கு வேற பொண்ணு இருக்கா?"

"இல்லை, ஹாஜியார்."

"எனக்கும் வேற பையன் இல்லை."

அவர் எழுந்துபோய்க் கடைக் கதவை உள்பக்கமாகச் சாத்தினார். "சரி, வாங்க, இருப்பு எண்ணுவோம்" என்றார்.