விக்டோரியாக்காவின் ஹாரன்

மலேசியாவின் தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்பையே ஆட்டிப்படைத்தவர் விக்டோரியாக்கா. அவருடைய சக்கர நாற்காலி வந்தால் சிமெண்டு லாரிகூட ஒதுங்கும். விக்டோரியா மகாராணி காலத்துப் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ததால் அந்தப் பெயர். உண்மைப் பெயரைத் தபால்காரரே மறந்துவிட்டார்.

நாற்காலியில் மோட்டார் சைக்கிள் ஹாரன் ஒன்று பொருத்தியிருந்தார். யாராவது "பாவம்" என்று வாயெடுத்தால் போதும், காது கிழியும்.

ஆராய்ச்சியை ஊர்வம்பு மாதிரிதான் பேசுவார். ஒருநாள் பக்கத்து வீட்டு சரோஜா ஆண்ட்டியிடம் ஆரம்பித்தார்.

"லண்டன்ல ஒரு பொண்ணு ஆண்ட்டி, நடக்க முடியாது. டாக்டரு சோபாவுல படுக்க வெச்சு, பேனாவயே தொடக்கூடாதுன்னுட்டான். அவ போர்வைக்குள்ள ஒளிச்சு வெச்சு எழுதுறா லா!"

"அலமாக்!" என்ற ஆண்ட்டி வெள்ளிக்கிழமை விபூதியோடு வந்து நின்றார். "அந்த லண்டன் பிள்ளைக்கு அர்ச்சன பண்ணிட்டேன்மா. நட்சத்திரம் தெரியல, சாமி பேர்லயே செஞ்சுட்டேன்."

"ஐயோ ஆண்ட்டி, அவ செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு!"

"அப்படியா? எழுதி முடிச்சாளா இல்லியா?"

"முடிச்சுட்டா."

"அப்ப சரி."

அந்தப் பெண்களைப் பற்றி அக்கா தமிழில் ஒரு புத்தகம் எழுதினார். பல வருட உழைப்பு. வெளியீட்டில் முதல் பக்கத்தைத் தன் குரலில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. மண்டபமோ கடைவீட்டு மாடியில், லிஃப்ட் கிடையாது. விழா நடத்தும் சங்கத்தின் தலைவர் அசரவில்லை.

"கவலப்படாதீங்கக்கா, நாலு பேரு தூக்கிட்டுப் போயிருவாங்க."

"நாலு பேரு தூக்குறதுக்கு இன்னும் நாள் இருக்கு தலைவரே. நான் இன்னும் புஸ்தகமே விக்கல."

"இல்லன்னா கீழயே ரெஸ்ட் எடுங்க. நானே மேல வாசிச்சிடுறேன்."

அக்காவின் முகம் வாடியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குள் ஆண்ட்டி மாடியேறிப் போய், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு இறங்கி வந்தார்.

"லண்டன்லயும் இப்படித்தான் படுக்க வெச்சானுங்க. எல்லாரும் கீழ வாங்க!"

கூட்டமே இறங்கியது. கடை வாசல் அஞ்சடி நடைபாதையில்தான் விழா. தலைவர் மைக்கைப் பிடித்து, "பாவம், இந்த நிலையிலும்..." என்றார். ஹாரன் அலறியது. பிறகு அக்கா வாசித்தார். முதல் பக்கம் என்றவர் மூன்றாம் அத்தியாயத்தில்தான் மூச்சு வாங்கினார்.

இப்போது அக்கா கூலாய் ஊருக்குக் குடிபோய்விட்டார். ஆண்ட்டியோடு கோயிலுக்குப் போனால் அக்கா பெயருக்கு நானும் அர்ச்சனை செய்கிறேன். உடம்பு குணமாகட்டும் என்று கேட்பதில்லை, கேட்டால் கூலாயிலிருந்தே ஹாரன் அடிப்பார். அடுத்த புத்தகம் சீக்கிரம் முடியட்டும் என்றுதான் கேட்கிறேன். வெளியிட இங்கேதானே வருவார்? சத்தமில்லாத இந்தத் தெரு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.