என் காலால் நீ வேண்டிக்கொண்ட தீமிதி

அன்புள்ள மச்சான் ஹரிபாபுவுக்கு, நகரியிலிருந்து உன் அக்கா புருஷன் கோவர்த்தனன் எழுதுவது. ஏழுமலையான் கருணையால் இங்கே என் நெஞ்சுக்குள் ஒரு கதவைத் தவிர மற்ற எல்லாம் நலம். ரேணிகுண்டாவில் உன் நலமும் உன் மனைவி அகிலாவின் நலமும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைக்காதே. போனில் பேசினால் உன் அக்கா யமுனா பாதியில் பிடுங்கி, என் பேச்சையும் அவளே பேசி முடித்துவிடுகிறாள்.

கண்புரை எடுக்கத்தான் திருப்பதிக்குப் போனேன். ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர் புருவத்தைத் தூக்கினார். கண்ணைத் தள்ளிவைத்துவிட்டு, எக்கோ ஸ்கேன் எடுக்க அனுப்பிவிட்டார்கள். இருட்டறையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, என் நெஞ்சு மெஷினில் 'சொளக் சொளக்' என்று அடித்துக்கொள்வதைக் கேட்டேன். பயந்துபோனேன் மச்சான், மறைப்பானேன். காலமெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் கிடந்தவனுக்கு அந்தச் சின்னச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பிறகு ஹார்ட் டாக்டரம்மா படத்தைக் காட்டித் தெலுங்கும் தமிழுமாக விளக்கினார். ரத்தம் ஒரே பக்கமாகப் போவதற்கு உள்ளே வால்வு என்று கதவுகள் இருக்கின்றனவாம். அதில் ஒன்று சரியாக மூடாமல், ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் பின்னால் கசிகிறதாம். "மைல்ட் லீக்கு தான், பயப்படகண்டி. ஆபரேஷன் வேணா, மாத்திரையும் வேணா. உப்பைக் குறைங்க, தினம் நடங்க. மூச்சு வாங்கினா, கால் வீங்கினா உடனே வாங்க. இல்லாட்டி அடுத்த வருஷம் இன்னொரு எக்கோ" என்று அனுப்பிவிட்டார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் வந்தது பஸ்ஸில். தறி ஓடும் வீட்டில் பேசிப் பழகிய உன் அக்காவின் தொண்டை உனக்குத் தெரியாததல்ல. "ஏங்கா, எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சுல கதவே இல்லியாம்! ரத்தம் ஒழுவிக்கினே கீதாம்!" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் போனில் சொன்னது டிரைவர் வரைக்கும் கேட்டது. மைல்ட் என்ற சொல் மட்டும் திருப்பதி பஸ் ஸ்டாண்டிலேயே தங்கிவிட்டது. புத்தூர் வருவதற்குள் ஒரு அம்மாள் தன் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, "பாவம், துன்றதத் துன்னட்டும் உடும்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துன்ன எங்கே விட்டார்கள்? ஊறுகாய் ஜாடி பீரோவுக்குள் போய்விட்டது. பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியைக் கொடுத்துவிட்டு, குடம் ஒழுகுகிறதா என்று பார்ப்பதுபோல என் சட்டையைப் பார்க்கிறார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேண்டுதல்கள்தான். உன் அக்கா, அலிபிரியிலிருந்து நான் மலையேறி மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். மகள் ரூபா, நான் அங்கப்பிரதட்சணம் செய்வதாக. பக்கத்துத் தறிக்கார ரமணா, ஆடிக்கிருத்திகைக்கு நான் திருத்தணிக்குக் காவடி தூக்குவதாக. நீயோ ஏசி ஆபீஸில் உட்கார்ந்தபடியே என்னைத் திரௌபதி அம்மன் தீயில் இறக்கிவிட்டாய்! "வாய் உங்களுது, காலு என்னுதா?" என்று கேட்டால், "ஒடம்பு யாருக்கு நல்லாவுதோ அவங்கதான் செலுத்தணும். சாமி கடனாச்சே!" என்கிறாள் உன் அக்கா.

கடைசி நம்பிக்கையாக டாக்டரம்மாவிடமே திரும்ப ஓடினேன். மைல்டைக் கொஞ்சம் ஏற்றி எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே, "கொண்ட எக்கண்டி, மலைய மெல்லமா ஏறுங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். "தீமிதி?" என்றேன். "அது என் சப்ஜெக்ட் இல்லீங்க" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று கேட்டு அழாத குறையாக வெளியே வந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யமுனாவின் வேண்டுதலை மட்டும் மறுக்கமாட்டேன். அன்று எக்கோ அறைக்கு வெளியே என் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அழுதபடி வேண்டிக்கொண்டாளாம். அவளுக்காக மலையும் ஏறுவேன், மொட்டையும் போடுவேன். ரூபாவையும் ரமணாவையும் பேசிச் சரிக்கட்டிக்கொள்கிறேன். உன்னுடைய தீயை மட்டும் நீயே வாபஸ் வாங்கிக்கொள். கசிவு நெஞ்சில்தான், பாதம் இரண்டும் பழுதில்லாமல் இருக்கின்றன. தவிர, ஒருத்தன் காலை இன்னொருத்தன் சாமிக்கு எழுதிக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? படித்தவன் நீ, யோசித்துப் பார்.

உனக்கும் அகிலாவுக்கும் அம்மன் எல்லாக் கதவையும் ஒழுங்காக மூட வைக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
கோவர்த்தனன்

பி.கு.: வாபஸ் வாங்கும் நல்ல புத்தியை உனக்குக் கொடுக்கச் சொல்லி நேற்று அம்மன் சன்னதியில் மனமுருக வேண்டிக்கொண்டேன். கொடுத்துவிட்டால், வருகிற திருவிழாவில் நீ தீ மிதிப்பாய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.