நாலு விரல் தப்பு

பேராக் மாநிலம் முழுவதிலும் தூக்குக்கோல் அண்ணன் நிறுத்துப் பார்க்காதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் கோயிலில் இருந்த மாரியம்மன். இன்னொருவர் தோட்டத்துப் பெரிய துரை. துரை மட்டும் சம்மதித்திருந்தால் அவரையும் கொக்கியில் மாட்டியிருப்பார்.

பிள்ளைகளே, தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் நான் ஸ்டோரில் வேலை பார்த்தேன். அண்ணன் அங்கே லாரி ரிப்பேர் பார்க்கும் பிட்டர். சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ரப்பர் பால் நிறுக்கும் பழைய தூக்குக்கோல் ஒன்று எப்போதும் அவர் தோளில் தொங்கும். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால், யார் ஜாடை என்று கேட்கமாட்டார்; தொட்டில் துணியோடு தூக்கி, “ஏழு ராத்தல்” என்பார். எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர்களிடமும் எடையைத்தான் விசாரித்தார். அந்தப் பெண்தான் உங்கள் அம்மா. அவளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கல்யாணம் ஈப்போவில், காலை ஒன்பது மணி முகூர்த்தம். துரை தோட்டத்து லாரியைக் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கிளட்ச் கருகிப்போனது. கம்பெனிச் சாமான் சீமையிலிருந்து கப்பலில் வர மூன்று மாதமாகும் என்றார்கள். அண்ணன் ஈப்போவுக்குப் போய், ஒரு சீனர் பட்டறையில் செய்த கிளட்சை வாங்கிவந்து மாட்டினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் டிரைவர் முனியாண்டி ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்துக் கியர் போட்டான். கியர் கடகடவென்று அலறியது. “அண்ணே, சோத்துக்குள்ள கால வச்ச மாதிரி இருக்கு லா” என்றான். ஸ்பிரிங்கில் சத்தில்லை, வெளிச்சாமான் இப்படித்தான் என்று கூட்டம் தீர்ப்பு சொல்லிவிட்டது. வேறு வண்டி கிடையாது.

அண்ணன் முனியாண்டியை இறங்கச் சொன்னார். காலடிப் பலகையைக் கழற்றினார். கிளட்ச் மிதியில் கயிறு கட்டி, கீழே ஒரு பால் வாளியைத் தொங்கவிட்டார். வெறும் வாளிதான். மிதி நாலு விரல் இறங்கி, அங்கேயே நின்றது. பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினார். வாளி முக்கால் நிறைந்த பிறகுதான் மிதி மறுபடி அசைந்தது. வாளியை அவிழ்த்து நிறுத்தார். முப்பது ராத்தல். பழைய கிளட்சுக்கும் இதே முப்பதுதானாம். அதையும் என்றைக்கோ நிறுத்து வைத்திருக்கிறார்.

ஆக, ஸ்பிரிங்கில் குறையில்லை. மிதியையும் கிளட்சையும் இணைக்கும் கம்பிதான் தொளதொளத்திருந்தது. மிதி பாதி தூரம் சும்மாவே இறங்கியதால் கிளட்ச் முழுதாக விடவில்லை, கியரும் அலறியது. புதுச் சாமானின் தடிமனுக்கு ஏற்றபடி, மாட்டும்போதே கம்பியின் நட்டை முறுக்கியிருக்க வேண்டும்.

“அப்ப யாரு தப்பு அண்ணே?” என்று முனியாண்டி சீண்டினான்.

“சாமான் மேல ஒண்ணும் இல்ல. நாலு விரல் தப்பு என்னுது.”

நட்டை முறுக்கினார். ஒரு விரல் மட்டும் சும்மா இறங்கும்படி விட்டார். அதுவும் இல்லாவிட்டால் மேட்டில் கிளட்ச் வழுக்குமாம்.

மறுநாள் விடிந்ததும் லாரியில் ஏறப் போனால், அண்ணன் எங்களைப் பால் நிறுக்கும் கொட்டகைக்கு ஓட்டிப்போனார். புதுக் கிளட்சின் முதல் ஓட்டத்தில் ஆயிரத்து எண்ணூறு ராத்தலுக்கு மேல் ஏற்றக்கூடாதாம். பட்டு வேட்டியோடு நான் கொக்கியில் தொங்கினேன். தாய்மாமனைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. தவிலைத் தனியாக நிறுத்தார். கடைசியில் தொண்ணூறு ராத்தல் அதிகம் என்றார்.

யாரை இறக்குவது? மாமன் இல்லாமல் முடியாது, மேளம் இல்லாமல் முடியாது. மணி ஏறிக்கொண்டிருந்தது. கிளட்ச் சத்தத்தைக் கேட்டபடியே வரவேண்டும் என்று முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்த அண்ணன், புதுச் சட்டையோடு கீழே குதித்தார்.

“நான் நூத்தி ரெண்டு. சரியாப் போச்சு. நீங்க போங்க, நேரமாவுது.”

மேட்டில் லாரி முனகாமல் ஏறியது. எட்டரைக்கெல்லாம் பெண் வீட்டு வாசலில் நின்றோம்.

மூன்றாம் நாள் தோட்டத்துக்குத் திரும்பியதும் நானும் உங்கள் அம்மாவும் நேரே லாரிக் கொட்டகைக்குத்தான் போனோம். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் வெளியே வரும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. கிரீஸ் அப்பியிருந்த அந்தக் கால்களைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போனோம்.