என் மகளிடம் எனக்கொரு சிபாரிசு

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை சுகம், மகள் சுகம், ஒழுகிக்கொண்டிருந்த மாடிக் குழாய்கூட இப்போது சுகம். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான். அதுவும் உடம்பால் இல்லை, படிப்பால். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்து, நீங்கள் பழையபடி எல்லோர் மீதும் எரிந்து விழும் அளவுக்குத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த வீட்டில் நான் போனைக் கையில் எடுத்தால் போதும், முன்னறையில் மகளும் சமையலறையில் உங்கள் தங்கையும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை மகளிடம் நீங்கள் எனக்காக ஒரு வார்த்தை சிபாரிசு பண்ண வேண்டும். பெற்ற மகளிடம் காரியம் ஆக வேண்டி அவளுடைய தாய்மாமன் காலைப் பிடிக்கும் தகப்பன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அவள் உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். என் பேச்சை அவள் கேட்டது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், அவளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பு என்று நினைக்கிறேன்.

நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, சும்மா இருக்கத் துப்பில்லாமல், அவள் கடைசி வருடம் படிக்கும் அதே பல்கலைக்கழகத்தில் நான் புவியியல் முதலாண்டில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். அதைச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கும் தெரியும். அன்று மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால் நீங்கள் தேவையைவிடக் குறைவாகத்தான் சிரித்திருக்கிறீர்கள்.

முதல் நாளே ஆரம்பமாகிவிட்டது. புதிதாக வரும் பிள்ளைகள் மிரளாமல் இருக்க முதலாண்டு அறிமுகத் திட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்ற தொண்டர் பெண் என் தலையைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் சட்டையில் "பெற்றோர்" என்று ஒரு அட்டையைக் குத்தி இடது பக்கக் கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். குளிர்சாதனம், மெத்தை நாற்காலி, காபி. இவ்வளவு மரியாதையாக நடத்துகிறார்களே என்று பூரித்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். மேடையில் ஒரு அம்மா, பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்காதீர்கள், இனி அவர்கள் வழியில் விடுங்கள் என்று உருக்கமாகப் பேசினார். நானும் உருகி, குறிப்பெல்லாம் எடுத்தேன். கடைசியில் கேள்வி நேரத்தில் எழுந்து, "வகுப்பு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன். "உங்க பிள்ளை எந்தத் துறை சார்?" என்றார். "பிள்ளை இல்லம்மா, நான்தான்" என்றேன். அந்தக் கூடம் சிரித்து அடங்குவதற்குள் வலது பக்கக் கூடத்தில் மாணவர்களுக்கான கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்து போயிருந்தார்கள்.

மறுநாள் ஆறு ஆறு பேராகக் குழு பிரித்து, குழுவுக்கு ஒரு வளாக வரைபடம் கொடுத்து, நூலகம், மருத்துவ அறை, தேர்வு அலுவலகம் எல்லாவற்றையும் நீங்களே கண்டுபிடித்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். மச்சான், வாழ்நாள் முழுக்க நிலத்தை அளந்து வரைபடம் போட்டவன் நான். என் கையில் வரைபடத்தைப் பார்த்தால் அதற்கே ஒரு கம்பீரம் வரும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள், சரி, நானே சொல்லிக்கொள்வேன். ஐந்து சின்னப் பிள்ளைகளிடமிருந்தும் அதைப் பறிக்காத குறையாக வாங்கி, "எல்லாரும் என் பின்னாடி வாங்க" என்று நடந்தேன். பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண், "அங்கிள், நூலகம் அதோ அந்தப் பக்கம் தெரியுதே" என்றாள். "கண்ணால பாக்கறத நம்பாதம்மா, வரைபடத்த நம்பு" என்றேன். நம்பி வந்தார்கள், பாவம். வரைபடம் என்றால் மேல் பக்கம் வடக்கு என்பது எங்கள் தொழிலில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டாத விஷயம். இதை வரைந்த புண்ணியவான், நுழைவாயில் கீழே இருந்தால் பிள்ளைகளுக்குச் சுலபம் என்று வடக்கைத் தூக்கிக் கீழே போட்டிருந்தார். மூலையில் சின்னதாக வடக்கைக் காட்டும் அம்புக்குறியும் இருந்தது. அந்த அம்புக்குறியைப் பார்க்காமல் வேலை செய்கிறார்கள் என்று எத்தனை பேரைக் காய்ச்சி எடுத்திருப்பேன்! நேராகக் கொண்டுபோய்ப் பின்சுவரை ஒட்டிய ஜெனரேட்டர் கொட்டகையில் நிறுத்தினேன். அங்கிருந்த ஊழியர், "இங்க யாரும் வர மாட்டாங்களே" என்று ரொம்ப சந்தோஷமாக வரவேற்றார். நாங்கள் திரும்பி வந்தபோது மற்றக் குழுக்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து நான் வளாகம் முழுக்க ஜெனரேட்டர் அங்கிள்.

இதெல்லாம் போகட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் கடைசி வருட மாணவர் ஒருவரை வழிகாட்டியாகப் போடுகிறார்கள். வீடு பக்கத்தில் இருந்தால் பஸ்ஸில் சேர்ந்து வரலாம், பேச்சுத் துணை இருக்கும் என்று கம்ப்யூட்டரே விலாசத்தைப் பார்த்துப் பொருத்தம் போடுகிறது. என் விலாசத்துக்குப் பக்கத்து விலாசத்தைத் தேடிய கம்ப்யூட்டருக்கு அதே விலாசத்தில், அதே கதவு எண்ணில் ஒரு கடைசி வருட மாணவி கிடைத்தால் விடுமா? மாற்றிக் கொடுங்கள் என்று நானும் போய்க் கேட்டேன், அவளும் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறாள். திட்டத்தை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இந்த ஜோடியை உயிரே போனாலும் பிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மகள் எனக்கு நிபந்தனை போட்டாள். "காலேஜ்ல நான் உனக்கு வழிகாட்டி, அவ்வளவுதான். என் பேரைச் சொல்லிக் கத்தாத. சாப்பாட்டு டப்பா எடுத்துக்கிட்டியான்னு கேக்காத." சரி என்றேன். குழுவில் மற்ற ஐந்து பேரும் அவளை "அக்கா, அக்கா" என்றே கூப்பிடுவார்கள். அவர்களோடு நின்று கேட்டுக் கேட்டு, ஒரு நாள் கட்டுரைச் சந்தேகம் ஒன்றை வைத்துக்கொண்டு நானும், "அக்கா, ஒரு நிமிஷம்" என்றேன். அவள் முகம் போன போக்கைச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, பழக்கதோஷத்தில் வீட்டில் சாப்பிட உட்காரும்போது, "அக்கா, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் எடு" என்றுவிட்டேன். உங்கள் தங்கை கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "இவர் என்ன உறவைச் சொல்றார்னே எனக்குப் புரியல" என்று இன்று வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வழிகாட்டி, மாணவனின் வீட்டுக்குப் பருவத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி விசாரிக்க வேண்டும் என்பதும் விதி. என்னுடைய பாதுகாவலர் என்று உங்கள் தங்கைதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு சமையலறைக்குப் போன் பண்ணினாள். நடுவில் கூடத்தில் நான். இரண்டு காதிலும் இரண்டு பக்கத்துப் பேச்சும் விழுகிறது. "வணக்கம், பல்கலைக்கழகத்துலேருந்து பேசறேன். வீட்ல ஒழுங்கா படிக்கிறாரா?" "எங்கம்மா! புஸ்தகத்தை விரிச்சு மடியில வெச்சுக்கிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, தூங்கறார். கண்ணாடி எதுக்குன்னுதான் தெரியல." "பழக்கவழக்கம் எல்லாம் எப்படி?" "சேர்க்கை சரியில்ல. அந்தப் பசங்களோட சேர்ந்து சாயந்திரம் லேட்டா வர்றார்." நான் நடுவில், "நூலகத்துல இருந்தேன்!" என்று கத்தினேன். "பின்னணியில சத்தம் கேக்குதே?" என்றாள் மகள். "அது ஒண்ணுமில்ல, நீங்க கேளுங்க" என்றாள் உங்கள் தங்கை. தாயும் மகளும் ஒருவரை ஒருவர் "நீங்க" என்று அழைத்துக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் பருவம் முடிந்ததும் கொஞ்சம் பேரை மட்டும் பொறுக்கி ஹானர்ஸ் என்ற சிறப்புப் படிப்புத் திட்டத்துக்கு எடுக்கிறார்கள். பெயருக்கு முன்னால் பின்னால் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் நடைவழியில் போகும்போது கதவுக் கண்ணாடி வழியாக அந்த வகுப்பைப் பார்த்தேன். ஒரு பெரிய மேசை, சுற்றி எட்டுப் பிள்ளைகள், நடுவில் ஒரு பேராசிரியர். அவர் பாடமே எடுக்கவில்லை. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கொண்டே போனார். மச்சான், என் உத்தியோகத்தில் எங்கே அளக்க வேண்டும் என்று சொல்வார்கள், அளந்ததைக் கொடு என்பார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று அன்று வந்த ஆசை, இந்த வயசில் வரக் கூடாத அளவுக்கு வந்துவிட்டது.

நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னும் பத்து வருஷத்துல உங்களை எங்க பாக்குறீங்க?" என்று எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "சுவத்துல, படமா." ஒருவர் சிரித்தார், ஒருவர் அதை எழுதிக்கொண்டார், மூன்றாமவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். போச்சு என்றுதான் வந்தேன். ஆனால் மூன்று பேருமே எனக்கு இடம் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டார்கள்! இனி வழிகாட்டியின் கருத்து மட்டும்தான் பாக்கி என்று ஒருங்கிணைப்பாளர் அம்மா சொன்னபோது, ஆஹா, நம் வீட்டுப் பெண்தானே என்று பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன், அவ்வளவு சந்தோஷம். அவள் எழுதிக் கொடுத்தது இதுதான்: "ஆர்வம் உண்டு. இன்னும் தயாராகவில்லை. முதலாண்டுத் திட்டத்திலேயே தொடரட்டும்."

வீட்டில் கேட்டதற்கு, "அது காலேஜ் விஷயம். புதன்கிழமை நாலு மணிக்கு வா, பேசலாம்" என்றாள். ஒவ்வொரு புதன்கிழமையும் நாலு மணிக்கு உணவகத்து மூலை மேசையில் நான் அவளைச் சந்தித்தாக வேண்டும், அதுவும் விதி. போனேன். அங்கே அவள் எனக்கு "நீங்க" போடுவாள். "மத்தவங்க பேசி முடிக்கறதுக்குள்ள திருத்தறீங்க. கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிடறீங்க. அந்த ஜெனரேட்டர் விஷயத்துல இன்னும் வரைபடம்தான் தப்புன்னு சொல்லிட்டுத் திரியறீங்க." ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் வரைபடம் தப்புதான். அடுத்த வருடம் திரும்பக் கேட்கலாமாம். பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு அடுத்த வருடம் என்பது நாளைக்குச் சமம், எனக்கு அப்படியா? கருத்தை மாற்றி எழுத அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. அதனால்தான் இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். நான் சொன்னதாகச் சொல்லாமல், தற்செயலாகப் பேச்சு வந்த மாதிரி, "உங்கப்பா ஒரு மாதிரிதான், ஆனா மண்டையில சரக்கு உண்டு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். பின்பாதி பொய் என்று உங்களுக்குத் தோன்றினாலும் எனக்காகச் சொல்லுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. என் வகுப்பில் படிக்கும் வயசில் அங்கே யாராவது இருந்தால் அவர்களுக்கு எதைச் சொல்வது என்று தெரியவில்லை, இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
தங்கை கணவன், முதலாண்டு, புவியியல்

பி.கு.: மச்சான், கையெழுத்துப் போட்டு மையைக் காய வைத்துக்கொண்டிருந்தேன், மகள் வந்துவிட்டாள். கடிதத்தின் மேல் அட்லஸைத் தூக்கி வைத்தேன். "மாமாவுக்குப் புகாரா?" என்றாள். எனக்கும் ரோஷம் வந்து, "ஆமா, புகார்தான். நீ சொன்ன காரணமெல்லாம் எனக்கு முப்பது வருஷமா இருக்கற வியாதி. அடுத்த வருஷம் மட்டும் தீர்ந்துடுமா? நிஜக் காரணத்தைச் சொல்லு" என்றேன். அவள் அட்லஸின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே நின்றாள். "ஹானர்ஸ்க்குப் போனா உனக்குப் புரொபசர்தான் வழிகாட்டி. நான் கிடையாது" என்றாள். "உனக்கு ஒரு தொல்லை விட்டுதே, நல்லதுதானே?" என்றேன். "உனக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா. பரீட்சை முடிஞ்சா நான் எந்த ஊருக்கு வேலைக்குப் போறேனோ. இருக்கறதே இன்னும் ஒரு பருவம். புதன்கிழமை நாலு மணிக்கு நான் யார்கூட உக்காந்து சண்டை போடறது?" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் எழுதினது தப்புதான். நாளைக்கே மாத்திக் கொடுத்துடறேன்" என்று போகப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று சொன்னேன்.

இத்தனை பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வராமல் அனுப்புகிறேன். படிக்காத மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் என்னைப் பற்றி நல்லதாக எதையும் சொல்லித் தொலைக்காதீர்கள், யாராவது கேட்டால் இவன் எதற்கும் லாயக்கில்லை என்றே சொல்லுங்கள். போன் பண்ணுவதானால் எப்போது வேண்டுமானாலும் பண்ணுங்கள், புதன்கிழமை நாலு மணிக்கு மட்டும் வேண்டாம். நாங்கள் இரண்டு பேருமே எடுக்க மாட்டோம்.