கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை

"பாவம் சிஸ்டர் அந்தக் கட்டி. இடம் தெரியாம வந்து மாட்டிக்கிச்சு. பத்து வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன், எனக்கே மூச்சு முட்டுது. அது மண்டைக்குள்ளேயே குடித்தனம் பண்ணுது!"

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே மெச்சிச் சிரித்த ஸ்கேன் டெக்னீஷியனின் கண்ணில் அப்போதுதான் சிவப்பு விளக்கு பட்டது. மேசை மைக் திறந்திருந்தது. இங்கே பேசுவதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருக்கும் நோயாளியின் காதுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

நோயாளி வேறு யாருமில்லை, அவனுடைய மாமியார்.

அவசரமாக மைக்கை அணைத்தான். காது மடல் வரை சூடேறியது. வெறும் கேலி என்றால் காலில் விழுந்தாவது சமாளிக்கலாம். கட்டி என்று வேறு உளறித் தொலைத்திருந்தான். தன் தலையில் கட்டி இருப்பதே அத்தைக்குத் தெரியாது. கழுத்து வலிக்குப் படம் எடுப்பதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பொய்யைத் தயாரித்தவனே அவன்தான். "உங்கம்மா தாங்க மாட்டாங்க" என்று மனைவியின் வாயை அடைத்தவனும் அவன்தான்.

கட்டி சாதுவா முரடா என்று மண்டையைத் திறக்காமலே பார்க்கத்தான் இந்த ஸ்கேன். முரட்டுக் கட்டி ரத்தத்தை இழுத்துக் குடிக்கும். படத்தில் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். சாது என்றால் நீலமாக அடங்கிக் கிடக்கும். அதற்கு நோயாளி ஆடாமல் படுத்திருக்க வேண்டும். அத்தையின் உடம்போ குலுங்கிக்கொண்டிருந்தது; மெஷின் இரைச்சலில் அவள் குரல் கேட்கவில்லை. முதல் படம் கலங்கலாக வந்தது.

"அழறாங்க சிஸ்டர்!" என்று பதறி, மறுபடியும் மைக்கைத் திறந்தான். "அத்தை, நான் உங்களைச் சொல்லல. உங்களுக்கு முன்னாடி வந்துட்டுப் போன பேஷன்ட்டைச் சொன்னேன்."

"பத்து வருஷமா அவங்க வீட்டுலயா சார் இருந்தீங்க?" என்று சிஸ்டர் அப்பாவியாகக் கேட்டாள்.

"அது... அவங்களும் ஒரு வகையில சொந்தம்தான் அத்தை."

குலுக்கல் அதிகமானது. இரண்டாவது படமும் பாழ்.

புகழ்ந்தாவது தேற்றலாம் என்று தோன்றியது. "அத்தை, உங்களை மாதிரி ஒரு மாமியார் கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும். நீங்க அதட்டினாக்கூட அதுல ஒரு பாசம் இருக்கும்."

இப்போது கால்களும் சேர்ந்து குலுங்கின. அவன் நொந்துபோய் மைக்கை அணைத்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். "என்னப்பா, மாமியார் மூளைக்கட்டி என்ன சொல்லுது? முரடா?"

அவன் திரும்பிப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போதுதானே அணைத்தோம்! பாய்ந்து போய் மைக்கை உள்ளங்கையால் பொத்தினான். இனி பொத்தி என்ன பயன்? கையை எடுத்துவிட்டான்.

ஆனால் குழாய்க்குள் அசைவு அடியோடு நின்றுபோனது. அடுத்த படம் பளிச்சென்று வந்தது. டாக்டர் திரையருகே குனிந்தார்.

"நீலமாத்தான் இருக்கு. சாதுவான கட்டி மாதிரிதான் தெரியுது. மத்த படங்களையும் பார்த்துட்டுச் சொல்றேன். பயப்படாதே."

மெஷின் இரைச்சல் அடங்கியதும், ஸ்பீக்கரில் நீளமான ஒரு பெருமூச்சு கேட்டது.

அவன் உள்ளே போய்ப் படுக்கையை வெளியே இழுத்தான். ஆஸ்பத்திரி அங்கிக்குள் அத்தை ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள். கண்ணோரம் ஈரம். இவளைப் பற்றியா அப்படிப் பேசினோம் என்று அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மன்னிச்சிடுங்க அத்தை. கேலி பண்ணது தப்பு. உங்ககிட்ட மறைச்சது அதைவிடப் பெரிய தப்பு."

"கழுத்து வலி தேவலை மாப்பிள்ளை. சிரிச்சுச் சிரிச்சு வயிறுதான் வலிக்குது" என்று சொல்லிவிட்டு, அத்தை உடை மாற்றப் போனாள்.

அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். "எல்லாம் அந்தப் பாழாப்போன மைக்கால வந்தது."

"மைக்கைத் திறந்து வச்சது நான்தான் சார்" என்றாள் சிஸ்டர். "உள்ள படுக்கும்போதே அம்மா கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாங்க, 'டாக்டர் சொல்றது எனக்கும் கேக்கணும், மைக்கைத் திறந்தே வை. தலையில கட்டின்னு எனக்கு எப்பவோ தெரியும்மா, மாப்பிள்ளை தாங்க மாட்டார்னுதான் தெரியாத மாதிரி இருக்கேன்'னு."