குட்பை சொல்லி அனுப்பிய சம்பந்தம்

கிழக்குத் தாம்பரம்,
13-7-1969

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் ஜெபசீலன் அவர்களுக்கு,

லாசரஸ் எழுதுவது. நானும் உங்கள் தங்கை சாராளும் தேவ கிருபையால் சுகம். நேற்று மாலையிலிருந்து பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தபோது வேதசிரோமணி என்றொரு மாணவன், "பிரிஞ்சு போறதுல என்ன சார் குட்? ஏன் குட்பைன்னு சொல்றாங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதில் ஆதியில் 'குட்'டே கிடையாது. 'காட் பி வித் யூ', கடவுள் உன்னோடு இருப்பாராக என்றுதான் வெள்ளைக்காரர்கள் சொல்லிவந்தார்கள். சொல்லிச் சொல்லி வாய் அதைத் தேய்த்துவிட்டது. 'குட்மார்னிங்'கின் சகவாசத்தில் 'காட்'டும் 'குட்' ஆகிவிட்டது. ரயில் டிக்கெட் வாங்கும்போது 'தாம்பரம் சானடோரியம்' என்று யார் முழுசாகக் கேட்கிறார்கள்? 'ஒரு சானடோரியம்' என்கிறோமே, அந்த மாதிரி.

இந்த விளக்கத்தை, நம் ஞானஜோதியைப் பெண் பார்க்க நீங்கள் பல்லாவரத்திலிருந்து அனுப்பிவைத்த தனசிங் குடும்பத்தாரிடமும் நேற்று சொன்னதுதான் வினையாகிவிட்டது. வந்தார்கள், வடை சாப்பிட்டார்கள், பையன் தயாளன் இன்னொரு காப்பி கேட்டு வாங்கினான், அதை ஜோதியே கொண்டுவந்து கொடுத்தாள், எல்லாம் கூடிவந்த மாதிரிதான் இருந்தது. தனசிங் எழுந்து "குட்பை சார்" என்றார். அது காதில் விழுந்தபின் நான் சும்மா இருப்பேனா? வேதசிரோமணியில் ஆரம்பித்து சானடோரியம் வரை சொல்லி, ஆகவே குட்பையே ஒரு ஜெபம்தான் என்று முடித்து, நானும் ஒரு குட்பை சொல்லி கேட்டைத் திறந்துவிட்டேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பிறகுதான் சாராள் வாசலுக்கு வந்தாள். "ஜெபம் பண்ணாம அனுப்பிட்டீங்களே. பொண்ணு கொடுக்க இஷ்டமில்லைன்னுதானே நினைச்சுக்குவாங்க?"

வீட்டுக்கு வந்தவர்களைப் பெரியவர் ஜெபித்துத்தான் வழியனுப்புவது, அதிலும் சம்பந்தம் பேச வந்தவர்களை, நம்மவர்களிடம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. சாராளுக்கும் விளக்கப் பார்த்தேன். ஜோதி உள்ளேயிருந்து, "வெள்ளைக்காரன் ஜெபம் அவனுக்குப் போதும்ப்பா, எனக்குப் பத்தாது" என்றாள். அவளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது, மச்சான். அதுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. தயவுசெய்து உடனே தனசிங் வீட்டுக்குப் போய், எங்களுக்கு முழுச் சம்மதம் என்று சொல்லி, விட்டுப்போன ஜெபத்தை எனக்குப் பதிலாக நீங்களே பண்ணிவிடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். அப்படியே ஒரு நடை இங்கும் வந்துபோகட்டும்.

இப்படிக்கு,
லாசரஸ்

பி.கு: தனசிங் வீட்டுக்குப் போக வேண்டாம். தபாலில் போடப் புறப்பட்டபோது அவரே மனைவியோடு வந்து சம்மதம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள், "சார் ஜெபத்துக்கு எழுந்திரிச்சா ரெண்டு ரயில் போயிடும்னு ஜெபசீலன் அண்ணன் முன்னாடியே சொல்லி அனுப்பினாங்க. விளக்கத்துக்கு ஒரு வண்டிதான் போச்சு. இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கணுமே" என்கிறார். ரொம்ப நன்றி, மச்சான். இனி உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிளம்பும்போது, அர்த்தத்தை நினைத்து நிதானமாக ஒரு குட்பை சொல்லிப் பாருங்கள். விளக்கம் வேண்டாம்.